வரிசையில் ஒரு ரிவால்வர்

ரிவால்வர் போட்டிகளில் சுடுபவர்களிடையே ஒரு விசித்திரமான பெருமை உண்டு. தம் துப்பாக்கியைச் சீர்செய்து தரும் கன்ஸ்மித் எவ்வளவு காலம் இழுத்தடித்தார் என்பதையே அவருடைய திறமைக்குச் சான்றாகச் சொல்வார்கள். ஆறு மாதம் காக்கவைத்தார் என்றால் கெட்டிக்காரர். ஒன்றரை ஆண்டு என்றால் பெரிய கை. தொலைபேசியை எடுப்பதே இல்லை என்றால் மேதை. போட்டி முடிந்து தோட்டா உறைகளைப் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது இந்தக் கதைகளைச் சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள், நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் அந்தக் கணக்கு எனக்கு ஒருபோதும் பிடிபட்டதில்லை. நல்ல வேலைக்குக் காத்திருக்கத்தான் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. காத்திருப்பவருக்கு இரண்டு வரி எழுதிப்போட்டால் அந்த நல்ல வேலை கெட்டுவிடும் என்பதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. என்னுடைய ரிவால்வர் ஒன்று அப்படியொரு மேதையின் அலமாரியில் நெடுநாள் கிடந்த பிறகு இந்த நம்பிக்கையின்மை இன்னும் வலுத்துவிட்டது.

நான் அனுப்பியது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 686. 1980-இல் அறிமுகமான எல்-பிரேம் வகை, ஆறு தோட்டா, .357 மேக்னம். தொழிற்சாலையிலிருந்து வரும்போது அதன் டபுள் ஆக்‌ஷன் இழுவை, அதாவது ட்ரிகரை ஒரே இழுப்பில் இழுத்துச் சுடத் தேவைப்படும் விசை, 12 பவுண்டை ஒட்டி இருக்கும். துப்பாக்கியின் எடையே மூன்று பவுண்டுக்குள்தான் என்னும்போது, அதைப்போல் நான்கு மடங்குக்கும் மேலான விசையை ஒற்றை விரலால் கொடுத்துக்கொண்டே குறிமுனை அசையாமல் பார்த்துக்கொள்வது எளிதல்ல. அதை 7 அல்லது 8 பவுண்டுக்குக் குறைத்து, தொடக்கம் முதல் முடிவு வரை எங்கும் தடங்காத ஒரே சீரான இழுவையாக மாற்றித் தருவதைத்தான் ஆக்‌ஷன் ஜாப் என்கிறார்கள். நான் தேர்ந்தெடுத்தவர் இந்த ஒரு வேலையை மட்டுமே செய்பவர். முன்பணம் கேட்டார், கொடுத்தேன். நான்கு மாதம் ஆகும் என்றார், ஒப்புக்கொண்டேன். ரிவால்வரை அனுப்பியதோடு சரி. கிணற்றில் போட்ட கல்தான். சொன்ன நான்கு மாதம் எப்போதோ கடந்தது. நான் எழுதிய மின்னஞ்சல்களில் ஒன்றுக்கு மட்டும் ‘அடுத்த மாதம்’ என்று ஒரு சொற்றொடர் பதிலாக வந்தது. அந்த மாதமும் போயிற்று.

வேலை எவ்வளவு நேரம் பிடிக்கும்

இந்த வேலையின் அருமையைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமல்ல. ஒருமுறை வேறொரு பட்டறையில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பக்கத் தகட்டின் திருகுகளை எடுத்தபின் அந்தத் தகட்டை நெம்பக் கூடாது. நெம்பினால் விளிம்பு வளைந்து பிறகு ஒருபோதும் சரியாகப் பொருந்தாது. கைப்பிடிச் சட்டத்தைச் சுத்தியலின் மரப்பிடியால் மெல்லத் தட்டிக்கொண்டே இருந்தால் அந்த அதிர்விலேயே தகடு தானாக மேலெழும்பி வருகிறது. உள்ளே இருப்பவை அதிகமில்லை. ட்ரிகரை இழுக்கும்போது ஹேண்ட் என்னும் சிறு நாக்கு மேலேறி, தோட்டாக்கள் இருக்கும் சிலிண்டரின் பின்புறப் பற்களைத் தள்ளிச் சுழற்றுகிறது; அடுத்த அறை குழலுக்கு நேரே வந்ததும் சிலிண்டர் ஸ்டாப் அதற்குரிய பள்ளத்தில் விழுந்து பூட்டுகிறது; அப்படிப் பூட்டிய பிறகே தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தியான ஹேமர் விழ வேண்டும். சுட்டு முடித்து விரலைத் தளர்த்தினால், ரீபவுண்ட் ஸ்லைடு ட்ரிகரைப் பழைய இடத்துக்குத் தள்ளுகிறது. இவ்வளவுதான். ஆனால் இவை ஒவ்வொன்றும் மற்றொன்றின் மீது உரசிக்கொண்டே நகர்கின்றன. அந்த உரசலைத்தான் விரல் ‘கரகரப்பு’ என்று உணர்கிறது.

எங்கே தேய்ப்பது என்று தெரிவதைவிட எங்கே நிறுத்துவது என்று தெரிவதுதான் இதில் கடினம். ஹேமருக்கும் ட்ரிகருக்கும் மேற்பரப்பில் மட்டும் கடினப்படுத்திய மெல்லிய படலம் இருக்கிறது. மெருகுக்கல் ஒரு தடவை கூடுதலாகப் போனால் அந்தப் படலம் அறுந்து, அடியிலுள்ள மென்மையான இரும்பு வெளியே வந்துவிடும். முதல் வாரம் வழவழப்பாக இருக்கும், பிறகு தேய்ந்துகொண்டே போகும். ஸ்பிரிங் விஷயமும் அப்படியே. ஹேமரை இயக்கும் ஸ்பிரிங்கைத் தளர்த்தினால் இழுவை குறையும். அதோடு பிரைமரின் மீது, அதாவது தோட்டாவின் அடியில் அடிபட்டதும் தீப்பற்றும் சிறு மூடியின் மீது, விழும் அடியும் குறையும். ஃபெடரல் நிறுவனத்தின் பிரைமர்கள் மென்மையானவை, லேசான அடிக்கும் வெடித்துவிடும். கடினமான பிரைமர் உள்ள தோட்டாவைப் போட்டால் அதே துப்பாக்கி ‘டிக்’ என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும். ட்ரிகரைத் திருப்பித் தள்ளும் ஸ்பிரிங்கைக் கூடுதலாகத் தளர்த்தினால், வேகமாகச் சுடும்போது விரல் முன்னே வந்துவிடும், ட்ரிகர் வந்திருக்காது. ஆகவே எந்தத் தோட்டாவைச் சுடப்போகிறீர்கள், எவ்வளவு வேகமாகச் சுடுவீர்கள் என்று கேட்காமல் இந்த வேலையைச் சரியாகச் செய்ய முடியாது. கடைசியில் ஆறு அறைகளையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும்: சிலிண்டரின் மீது ஒரு விரலை லேசாக வைத்து, ஹேமரை மிக மெதுவாகப் பின்னுக்கு இழுத்து, ஹேமர் நிற்பதற்கு முன்னால் சிலிண்டர் பூட்டிக்கொள்கிறதா என்று காதால் கேட்க வேண்டும். ஐந்து அறைகள் சரியாக இருந்து ஆறாவது பின்தங்குவதும் உண்டு.

இத்தனையும் சேர்ந்தாலும், பழகிய கைக்கு இது ஒரு நாள் வேலை. உள்ளே ஏதாவது வில்லங்கம் இருந்தால் இரண்டு நாள். மீதியெல்லாம் அலமாரியில் கிடக்கும் காலம். இதை மறந்துவிட்டுத்தான் ‘நல்ல வேலைக்கு நாளாகும்’ என்று சொல்கிறோம். வேலைக்கு நாளாகவில்லை, வேலை தொடங்குவதற்குத்தான் ஆகிறது.

ஆட்கள் ஏன் இல்லை

வரிசை நீண்டிருப்பதற்கு யாரையும் குறைசொல்ல முடியாது. அமெரிக்கக் காவல்துறைகளின் இடுப்பில் ரிவால்வர் இருந்த காலத்தில், அவற்றைப் பழுதுபார்க்கத் துறைகளுக்குள்ளேயே ஆட்கள் இருந்தார்கள்; காவலர்களுக்கான பிபிசி (PPC) என்னும் துப்பாக்கி சுடும் போட்டிகள் ரிவால்வரை மெருகேற்றுவதை ஒரு தனிக் கலையாகவே வளர்த்தன. 1986 ஏப்ரலில் மயாமியில் எஃப்பிஐ அதிகாரிகள் இருவர் கொல்லப்பட்ட துப்பாக்கிச் சண்டைக்குப் பிறகு, துறைகள் ஒவ்வொன்றாக செமி-ஆட்டோமேட்டிக் பிஸ்டலுக்கு மாறுவது விரைவுபட்டது. நியூயார்க் நகரக் காவல்துறையும் 1993-இல் மாறத் தொடங்கியது. ரிவால்வர் போனதோடு அதைத் திறக்கத் தெரிந்தவர்களும் ஓய்வுபெற்றுப் போனார்கள். கொலராடோவின் டிரினிடாட் கல்லூரியில் 1947 முதல் கன்ஸ்மித் பயிற்சி நடக்கிறது. ஆனால் படித்து வெளியே வரும் இளைஞர், ஒரு நாளில் பல பிஸ்டல்களுக்கு உதிரிபாகம் மாற்றிக் காசு பார்ப்பாரா, ஒரே ரிவால்வரின் ஹேண்டை ஒரு மயிரிழை தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாரா? பழைய கோல்ட் பைத்தானின் நிலைமை இன்னும் மோசம். 1955-இல் வந்த அந்த ரிவால்வரில் ஒரே வி-வடிவ ஸ்பிரிங்தான் ஹேமரையும் ரீபவுண்ட் லீவரையும் சேர்த்து இயக்குகிறது. பாகங்களைக் கையால்தான் இழைத்துப் பொருத்தியிருப்பார்கள். 2020-இல் கோல்ட் மறுபடி கொண்டுவந்த பைத்தானின் உள்ளமைப்பு வேறு. பழையதன் டைமிங், அதாவது சிலிண்டர் சுழன்று பூட்டும் நேர ஒழுங்கு, போய்விட்டால், தொடத் துணிபவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

எனவே ஆள் குறைவு, வரிசை நீளம், விலை அதிகம்: மூன்றும் நியாயம். நான்காவதாக மௌனமும் இந்தப் பட்டியலில் தானாகச் சேர்ந்துகொள்வதுதான் என் கேள்வி.

பதிவேட்டுக்குத் தெரியும்

அமெரிக்காவில் ஒரு கைத்துப்பாக்கியைப் பழுதுபார்க்க வேறு மாநிலத்துக்கு அனுப்புவது சட்டப்படி சிக்கலானதல்ல. 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், உரிமம் பெற்ற கன்ஸ்மித்துக்கு உரிமையாளர் நேரடியாக அனுப்புவதையும், வேலை முடிந்ததும் அவர் உரிமையாளருக்கே நேராகத் திருப்பி அனுப்புவதையும் அனுமதிக்கிறது. கூரியர் நிறுவனங்கள்தான் அண்மை ஆண்டுகளில் உரிமம் உள்ளவர்களிடமிருந்து மட்டுமே வாங்குவோம் என்று கெடுபிடி செய்கின்றன; ஆகவே உள்ளூர்க் கடைக்காரர் ஒருவரைப் பிடித்து, அவருக்கும் ஒரு கட்டணம் கட்டி அனுப்ப வேண்டியிருக்கிறது. பெட்டி போய்ச் சேர்ந்ததும் கன்ஸ்மித் செய்யவேண்டிய முதல் வேலை, அதைத் தம் பதிவேட்டில் ஏற்றுவது. தயாரிப்பாளர் யார், மாடல் எது, வரிசை எண், காலிபர், எந்தத் தேதியில் யாரிடமிருந்து வந்தது என்று அத்தனையும் அடுத்த வேலைநாள் முடிவதற்குள் எழுதியாக வேண்டும். அன்றைக்கே வாங்கி அன்றைக்கே திருப்பிக் கொடுத்தால் மட்டும்தான் விலக்கு. இதில் தவறினால் உரிமமே போகக்கூடும் என்பதால், எவ்வளவு சோம்பலான கன்ஸ்மித்தும் இதை விடமாட்டார்.

இதை முதலில் யோசித்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. என் ரிவால்வரின் வருகை, பிழையில்லாத கையெழுத்தில், உரிய தேதியோடு, ஒரு பதிவேட்டில் இருக்கிறது. ஓர் அரசாங்க ஆய்வாளர் நாளைக்கு வந்து கேட்டால் அரை நிமிடத்தில் எடுத்துக் காட்டுவார். அதன் உரிமையாளராகிய எனக்கு, ‘வந்து சேர்ந்தது’ என்ற இரண்டு சொற்களை அனுப்ப அதே மேசையில் நேரமில்லை. நேரமில்லை என்பதை நான் ஏற்றுக்கொள்ளாததற்குக் காரணம் இதுதான். எழுதுவதற்கு நேரம் இருக்கிறது. கேட்பவர் யார் என்பதைப் பொறுத்து அது கிடைக்கிறது.

அலமாரியில் கிடப்பது வெறும் சலிப்பு மட்டுமல்ல, அதில் ஆபத்தும் உண்டு. இவர்களில் பலர் தனியாளாக வேலைசெய்பவர்கள், வயதானவர்கள். பட்டறையில் திருட்டு நடந்தால், தெரியவந்த 48 மணி நேரத்துக்குள் அதிகாரிகளிடம் சொல்ல வேண்டும் என்று விதி இருக்கிறது. வாடிக்கையாளரிடம் எப்போது சொல்வார்கள் என்பது அவரவர் சுபாவம். கன்ஸ்மித் இறந்து தொழில் நின்றுவிட்டால், அவருடைய பதிவேடுகள் 30 நாளுக்குள் அரசிடம் போய், மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கிலுள்ள தடமறியும் மையத்தில் சேர்கின்றன. துப்பாக்கிகள் அவர் வீட்டுப் பெட்டகத்திலேயே இருக்கும். எது அவருடையது, எது யாருடையது என்று துக்கத்தில் இருக்கும் குடும்பம்தான் பிரிக்க வேண்டும். முன்பணம் கட்டிய ரசீதும் வரிசை எண்ணும் கையில் இல்லாதவர் பாடு திண்டாட்டம்தான். ஒரு நாள் வேலைக்காக ஒரு பொருளை ஓராண்டு பிறர் வீட்டில் வைத்திருப்பதன் பொருள் இது என்று, முன்பணம் வாங்கும்போது யாரும் சொல்வதில்லை.

தொலைபேசியை எடுத்த அன்று

ஒரு பிற்பகல் அழைத்தபோது அவரே எடுத்துவிட்டார். இரண்டு பக்கமும் சற்றே திகைப்பு. குரலில் முரட்டுத்தனம் எதுவும் இல்லை. நிதானமாக, நன்றாகவே பேசினார். அன்று காலைதான் ஒருவருடைய ரிவால்வரைத் திறந்தாராம். உரிமையாளர் தாமே வீட்டில் மெருகேற்றிப் பார்த்து, ஹேமரின் கடினப் படலத்தைத் தேய்த்தெடுத்துவிட்டு, அதைச் சொல்லாமலே அனுப்பியிருக்கிறார். இனி வேறு ஹேமர் தேட வேண்டும், கிடைத்தால் அதைப் பொருத்த வேண்டும், அதற்குள் மேசையில் அடுத்ததைத் தொடங்க முடியாது. தகட்டைத் திறக்கும்வரை எந்த வேலை எவ்வளவு நாள் தின்னும் என்று தமக்கே தெரியாது என்றார். இது நியாயமான பேச்சு. பிறகு, என்னுடையது எப்போது கிடைக்கும் என்று கேட்டேன். அடுத்த மாதம் என்றார்.

மறுபடியும் அதே அடுத்த மாதம். சரி என்று வைத்துவிடத்தான் இருந்தேன். என்ன தோன்றியதோ, எப்போது என்பதை விட்டுவிட்டு, எனக்கு முன்னால் எத்தனை ரிவால்வர்கள் இருக்கின்றன என்று கேட்டேன். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். பெட்டகத்தின் கைப்பிடி திரும்பும் ஓசையும், அட்டைப்பெட்டிகளை நகர்த்தும் ஓசையும், அவர் வாய்க்குள் எண்ணுவதும் கேட்டன. 31 என்றார். வாரத்துக்கு எத்தனை முடிப்பீர்கள் என்று கேட்டேன். நல்ல வாரமாக அமைந்தால் இரண்டு. இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவரே, அப்படியானால் அடுத்த மாதம் ஆகாது போலிருக்கிறதே என்றார். கேலியில்லை, அந்த வகுத்தலை அவர் அன்றுதான் செய்கிறார் என்று குரலிலேயே தெரிந்தது. ஏறத்தாழ நான்கு மாதம். முதல் நாள் அவர் எனக்குச் சொன்ன அதே நான்கு மாதம், அன்றிலிருந்து புதிதாகத் தொடங்குவதுபோல.

கோபம் வரவேண்டிய இடம் இது. எனக்கு வந்தது நிம்மதி. அந்த ஆண்டின் போட்டிகளுக்கு அந்த 686 இல்லை என்று தெரிந்துவிட்டது, வேறு துப்பாக்கியோடு பயிற்சியைத் தொடங்கினேன். அந்த உரையாடலுக்குப் பிறகுதான் அவருடைய மௌனத்தின் அமைப்பு எனக்குப் புரிந்தது. எப்போது என்று கேட்பவருக்கு ஒரு தேதி வேண்டும்; அவரிடம் தேதி இல்லை; ஏதோ ஒன்றைச் சொன்னால்தான் அழைத்தவர் வைப்பார். மரியாதைக்காகச் சொல்லும் அந்தப் பொய்த் தேதி கடந்ததும், அடுத்த அழைப்பை எடுக்கக் கூச்சமாகிவிடுகிறது. எடுக்காமல் விட்ட அழைப்புகள் சேரச் சேர, எடுப்பது இன்னும் கடினமாகிறது. இதில் தீய எண்ணம் எங்கும் இல்லை. ஆனால் எண்ணிக்கை அவரிடம் எப்போதும் இருந்தது, பெட்டகத்தைத் திறந்தால் போதும். மாதத்துக்கு ஒருமுறை அதை எண்ணி, வரிசையில் உள்ள அனைவருக்கும் ஒரே மின்னஞ்சலாக அனுப்ப ஒரு மணி நேரம்கூட ஆகாது. அழைப்புகளில் பாதி அதோடு நின்றுவிடும்.

வாடிக்கையாளர்களில் சிலர் படுத்தும் பாட்டையும் சொல்லாமல் இருக்க முடியாது. பாதி வேலையில் அழைத்து, சிலிண்டர் அறைகளின் வாயையும் சாய்த்துவிடுங்கள், ஹேமரின் கொம்பையும் வெட்டிவிடுங்கள் என்று சேர்த்துக்கொண்டே போவார்கள். எந்தத் தோட்டாவும் சுட வேண்டும், இழுவையும் ஆறு பவுண்டுக்குக் கீழே வேண்டும் என்பார்கள். கிடைத்ததும் கடினமான பிரைமரைப் போட்டு, வெடிக்கவில்லை என்று திருப்பி அனுப்புவார்கள். அந்தத் திரும்பிவந்தவை எல்லாம் வரிசையின் தலையில் போய் உட்கார்கின்றன. எனக்கு முன்னால் இருந்த 31-இல் அப்படி எத்தனையோ.

வீட்டிலேயே காத்திருக்கட்டும்

என் ரிவால்வர் வந்தது. எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தது. இழுவை ஏழரைப் பவுண்டு. ட்ரிகர் பின்னுக்குப் போகும்போது எங்கே ஹேண்ட் தொடுகிறது, எங்கே சிலிண்டர் பூட்டுகிறது என்று விரலுக்குத் தெரியவே இல்லை. உடன் ஒரு சிறு தாளில் ஆறு அறைகளின் சோதனை முடிவையும், எந்தப் பிரைமரில் சுட்டுப் பார்த்தார் என்பதையும் தம் கையால் எழுதிவைத்திருந்தார். இவ்வளவு ஒழுங்காக எழுதத் தெரிந்தவர்! பார்த்தவர்கள் எல்லாரும் காத்திருந்ததற்குப் பலன் கிடைத்துவிட்டதல்லவா என்கிறார்கள். வேலைக்குக் கொடுத்த பணத்துக்குப் பலன் கிடைத்தது என்பேன். காத்திருந்ததற்கு எதுவும் கிடைக்கவில்லை. அந்த மாதங்கள் என் ரிவால்வரை ஒரு மயிரிழைகூட மேம்படுத்தவில்லை.

நன்றி சொல்ல அழைத்தபோது, தற்செயலாக எடுத்தார். அவரிடமே கேட்டேன்: முறை வரும்வரை துப்பாக்கி உரிமையாளரிடமே இருக்கட்டுமே, பெயரை மட்டும் பட்டியலில் வைத்துக்கொண்டு, இரண்டு வாரம் முன்னதாகச் சொல்லி வரவழைத்தால் என்ன? இரண்டு காரணங்கள் சொன்னார். முறை வந்ததும் அழைத்தால், இப்போது போட்டிக்காலம், பிறகு அனுப்புகிறேன் என்பார்கள், மேசை காலியாகக் கிடக்கும். மேலும் ஒரே வகைப் பிரேம் நான்கைந்து கையில் இருந்தால் சேர்த்துச் செய்வது எளிது. இரண்டாவது காரணத்தை மதிக்கிறேன். முதலாவதை ஏற்க முடியவில்லை. அனுப்பாதவரின் பெயரைத் தாண்டி அடுத்தவரை அழைத்தால் முடிந்தது. அவர் சொல்லாத மூன்றாவது காரணம் ஒன்று இருப்பதாக எனக்குப் படுகிறது. துப்பாக்கி தம்மிடம் இருக்கும்வரை வாடிக்கையாளர் வேறெங்கும் போகமாட்டார். அது ஒரு பூட்டு. அதைப் பூட்டாக நினைத்து அவர் செய்யவில்லை என்று வேண்டுமானால் சொல்லலாம்.

இப்போது என்னிடம் ஒரு ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 625 ரிவால்வர் இருக்கிறது, .45 ஏசிபி தோட்டாக்களை மூன் கிளிப் என்னும் மெல்லிய தகட்டில் சேர்த்து வைத்துச் சுடுவது. வேகச் சுடலில் பேர்பெற்ற அமெரிக்கர் ஜெர்ரி மிகுலெக் 1999-இல் ஆறு தோட்டா சுட்டு, மறுபடி நிரப்பி, இன்னும் ஆறு சுட்டு மொத்தத்தையும் 2.99 நொடியில் முடித்தது இந்த மாடலில்தான். அதனால் அதை வாங்கும் எவருக்கும் தம் விரலைப் பற்றிக் கொஞ்சம் அதீத எண்ணம் இருக்கும், எனக்கும் இருக்கிறது. அதை இன்னொருவரிடம் கொடுப்பதாக முடிவு செய்திருக்கிறேன். அவர் பட்டியல் முறையில் வேலை செய்கிறார், முறை வருவதற்கு முன் காசு வாங்குவதில்லை, ஒவ்வொரு மாதத் தொடக்கத்திலும் வரிசை எண்ணை அனுப்பிவிடுகிறார். அவர் கைபட்ட ரிவால்வர் ஒன்றை நண்பரிடம் வாங்கிச் சுட்டுப் பார்த்தேன். பழையவருடைய வேலையோடு ஒப்பிட்டால், இழுவையின் கடைசிக் கால் பங்கில் ஒரு சிறு கனம் தெரிகிறது. எனக்குத் தெரிகிறது, நண்பருக்குத் தெரியவில்லை. இந்த மாத எண் 19. அதுவரை 625-ஐ அதன் தொழிற்சாலை இழுவையோடுதான் சுட்டுக்கொண்டிருக்கிறேன். வரும் சனிக்கிழமைப் போட்டிக்கும் அதுதான்.